பிக்கப் வாகனத்தில் நாயோடு நெடும்பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இடமாற்றக் காலம் என்பதாலோ என்னவோ, திருகோணமலை மாவட்டத்து வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைப் பற்றியே கேட்கின்றன. பிக்கப் வாகனத்தில் நாயைத் தொலைதூரம் கொண்டுபோவது எப்படி என்பதே அது. ஆகவே இந்த இதழில் நமக்குக் கிடைத்த பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (உப்புவெளி வாசகி): என் கணவருக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. ஆவணியில் வீட்டுச் சாமான்களை லொறியில் அனுப்பிவிட்டு, பிள்ளைகள் இருவரோடும் எங்கள் டபுள் கெப் வாகனத்தில் போக இருக்கிறோம். எங்களிடம் ஒரு லப்ரடோர் நாயும், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த ஊர்நாய் ஒன்றும் உள்ளன. இரண்டையும் பின்தட்டில் கயிற்றால் கட்டிக் கொண்டுபோகலாம், காற்றுப்பட்டால் நாய்க்கு நல்லதுதானே என்று என் மைத்துனர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது முற்றிலும் சரி. கழுத்துப்பட்டியில் கயிறு கட்டி, திறந்த பின்தட்டில் நாயை ஏற்றிச் செல்வது நம் ஊரில் பழகிப்போன காட்சி என்றாலும், அதைவிட ஆபத்தான முறை வேறில்லை. கயிறு நீளமாக இருந்தால், வழியில் மாட்டையோ இன்னொரு நாயையோ கண்டு பாயும் நாய் பக்கச்சுவரைத் தாண்டி வெளியே விழும். அந்தக் கயிறு அதைத் தரைக்கும் போகவிடாது, மேலேயும் ஏறவிடாது. ஹபரணைக்கு அருகில் அப்படித் தொங்கிய நாயொன்றை நான் நேரில் கண்டிருக்கிறேன். பின்னங்கால் நகங்கள் தார் வீதியில் உராய்ந்து தேய்ந்து, விரல் நுனிகளில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் விடாமல் ஹோர்ன் அடித்து மறித்திராவிட்டால் சாரதிக்கு அது தெரிந்தே இராது. கயிறு குட்டையாக இருந்தாலும், சடுதியாகப் பிரேக் பிடிக்கும்போது உடலின் முழுப் பாரமும் கழுத்தில் இறங்குவதால் தொண்டைக்கும் முள்ளந்தண்டுக்கும் காயம் நேரக்கூடும்.

காற்றைப் பற்றி உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிதளவு வியர்ப்பதைத் தவிர, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிளைப்பதே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் முதன்மையான வழியாகும். அதற்குக் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் ஆவணியில் நம் பக்கம் வீசுவது கச்சான். அனலாய் அடிக்கும் அந்தக் காற்றில், மேலே வெயிலும் கீழே கொதிக்கும் தகரமுமாக நான்கைந்து மணி நேரம் நிற்கும் நாய்க்கு எந்தக் குளிர்ச்சியும் கிடைக்காது. வெயிலில் நின்ற பின்தட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. வேகத்தில் பறந்துவரும் மணலும் பூச்சியும் கண்ணில் மோதிக் கருவிழியைப் புண்ணாக்குவதும் அடிக்கடி நடப்பதே.

ஆகவே முதலில் யோசிக்க வேண்டியது இரண்டு நாய்களையும் வாகனத்தின் உள்ளேயே கொண்டுபோக முடியுமா என்பதுதான். உங்கள் நால்வரில் இருவர் பஸ்ஸில் போய்ச் சேர முடியுமானால், பின்னிருக்கை முழுவதும் நாய்களுக்குக் கிடைக்கும். சிரமமாகத் தோன்றினாலும் நான் பரிந்துரைப்பது இதைத்தான். உள்ளே ஏற்றும்போதும் நாயை அவிழ்த்துவிட்டபடி விடக்கூடாது. கடைகளில் ஹார்னஸ் என்று கேட்டால் தரும் மார்புப்பட்டியை அணிவித்து, அதைக் குட்டையான வாரினால் இருக்கைப் பட்டியின் பூட்டோடு இணைத்துவிடுங்கள். நாய் எழுந்து உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும். முன்னிருக்கைகளுக்கு நடுவே தலை நீட்ட முடியக்கூடாது. எயார் பேக் விரிந்தால் அதன் அடி நாய்க்கு உயிராபத்து என்பதால் முன்னிருக்கையில் நாயை ஏற்றவே வேண்டாம். கண்ணாடி ஏற்றி இறக்கும் பொத்தானை நாயின் கால் மிதித்துவிடும் ஆகையால் சாரதிப் பக்கத்திலிருந்து அதைப் பூட்டி வையுங்கள்.

நால்வரும் கட்டாயம் வாகனத்தில்தான் போக வேண்டும் என்றால், பின்தட்டில் கூடு ஒன்றை இறுகப் பொருத்திய பிறகே நாயை அங்கே ஏற்றலாம். திருகோணமலையில் வெல்டிங் வேலைத்தலங்களுக்குக் குறைவில்லை. பொக்ஸ் பார் எனப்படும் சதுர இரும்புக் குழாயில் செய்து தரச் சொல்லுங்கள். நாய் தலை நிமிர்ந்து நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், பக்கவாட்டில் காலை நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் அளவு போதும். அதற்கு மேல் பெரிதாகச் செய்தால் வளைவுகளில் நாய் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு எறியப்படும். வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடும் நாய்களாக இருந்தாலும், சூடும் பதற்றமும் சேர்ந்த இடத்தில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளக்கூடும் என்பதால் நடுவே தடுப்பு வேண்டும். வேலை முடிந்து கூட்டை எடுக்கப் போகும்போது, கையை உள்ளே விட்டு எல்லா மூட்டுகளையும் தடவிப் பாருங்கள். வெல்டிங் செய்த இடத்தில் அரம் போடாமல் விட்ட கூர் ஏதாவது இருந்தால் அது உங்கள் விரலில் படட்டும். நாயின் கண்ணில் படக்கூடாது. கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதாது. குலுங்கும்போது விடுபடாதபடி இன்னொரு கொளுக்கியும் போடச் சொல்லுங்கள்.

கூட்டின் அடித்தளம் பின்தட்டுத் தகரத்தில் நேரே படாமல், ரீப்பர் சட்டங்களின் மேல் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். தளத்துக்கு மரைன் பிளைவுட் பலகை உகந்தது. படகு வேலை செய்பவர்களிடம் கேட்டால் துண்டுகள் கிடைக்கும். அதன் மேல் வழுக்காத இறப்பர் விரிப்பைப் போடுங்கள். வழுக்கும் தளத்தில் நாய் நகத்தை ஊன்றிச் சமநிலை தேடியே வழிநெடுகக் களைத்துப்போகும். பயணம் முடிந்து இறங்கும் நாய் நொண்டுவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். கூட்டை வைக்கும் இடமும் முக்கியமானது. பின்கதவுக்கு அருகே குலுக்கல் மிக அதிகம். சாரதி இருக்கும் பகுதியின் பின்சுவரோடு ஒட்டி வைத்தால் குலுக்கலும் குறையும், பிரேக் பிடிக்கும்போது கூடு முன்னோக்கி நகரவும் முடியாது. நான்கு மூலைகளையும் பின்தட்டிலுள்ள வளையங்களோடு லொறிக்காரர்கள் பாவிக்கும் ரட்செட் பெல்ட்டினால் இறுக்குங்கள். இருவர் சேர்ந்து தள்ளினாலும் அசையாத அளவுக்கு இறுக வேண்டும். கூட்டுக்கு மேலேயோ பக்கத்திலேயோ காஸ் சிலிண்டர், கதிரை, சட்டிபானை என்று எதையும் அடுக்க வேண்டாம்.

நிழலுக்குத் தறப்பாள் கட்டும்போது பலர் கூட்டையே பொதிபோலச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் உள்ளே காற்று அடைபட்டு வேகும். கூட்டின் கூரைக்கும் தறப்பாளுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, பக்கங்களைத் திறந்தே வையுங்கள். முன்பக்கத்தில் மட்டும் தூசியையும் காற்றின் வேகத்தையும் தடுக்க ஒரு மறைப்பு இருக்கலாம். நனைத்த சணல் சாக்கை ஓரமாகத் தொங்கவிடுவது கச்சான் காலத்து உலர்ந்த காற்றில் நன்றாகவே பயன் தரும்; கடலோரத்துப் புழுக்கத்தில் அவ்வளவு பயன் தராது.

கூடு வந்த அன்றே நாயை அதில் அடைத்துப் புறப்படுவது நாய்க்குச் செய்யும் பெரிய அநியாயம். புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்னரே கூட்டை வீட்டு விறாந்தையில் வைத்து, கதவைத் திறந்தபடி அதனுள்ளேயே சாப்பாடு வையுங்கள். நாய் தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பின் கதவைச் சிறிது நேரம் சாத்துங்கள். அடுத்ததாக வாகனத்தில் ஏற்றி, எஞ்சினை இயக்கி, நகராமல் நில்லுங்கள். அதன் பிறகு சாம்பல்தீவு வரை ஓர் ஓட்டம், பிறகு நிலாவெளிக் கடற்கரை வரை ஓர் ஓட்டம் என்று நீட்டுங்கள். தெருவில் பிறந்த உங்கள் ஊர்நாய்க்கு அடைபட்ட இடம் புதிது ஆகையால் அதற்குக் கூடுதல் நாட்கள் பிடிக்கலாம், அவசரப்படுத்தாதீர்கள்.

முதல்நாள் இரவு வழக்கமான உணவைக் கொடுங்கள். காலையில் வளர்ந்த நாய்க்கு வயிறு நிறைய எதுவும் வேண்டாம். தண்ணீரை மட்டும் தடுக்காதீர்கள். வெயிலுக்கு அஞ்சி நடுச்சாமத்தில் புறப்படுவதும் சரிவராது, ஏனெனில் பன்குளம் தாண்டி ஹொரவப்பொத்தானை வரை யானை நடமாட்டமுள்ள வீதி. விடியற்காலை ஐந்து மணியளவில் திருகோணமலையை விட்டால் அந்தப் பகுதியை வெளிச்சம் வரும் நேரத்தில் கடக்கலாம். அங்கே தனித்த இடத்தில் நிறுத்தி நாயை இறக்க வேண்டாம். வவுனியாவில் முதலாவது தரிப்பு, கிளிநொச்சியில் இரண்டாவது தரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனையிறவு வெளியில் நிழல் கிடையாது என்பதால், கடல் தெரிகிறதே என்று பிள்ளைகள் கேட்டாலும் அங்கே நாயை இறக்காதீர்கள். எங்கே நிறுத்தினாலும் கூட்டைத் திறப்பதற்கு முன் கம்பிக்குள் கையை விட்டுச் சங்கிலியை மாட்டிவிடுங்கள். அறியாத ஊரில் பயந்து பாய்ந்தோடும் நாய், உங்கள் குரலுக்கே திரும்பி வராமல் போகலாம். கழுத்துப்பட்டியில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். விசர்நாய் நோய்த் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள். வழியில் யாரையாவது நாய் கீறிவிட்டால் முதலில் கேட்கப்படுவது அந்த அட்டைதான்.

கேள்வி (நிலாவெளி வாசகர்): என்னுடைய பிக்கப்பின் பின்தட்டுக்கு, அதை முழுதாக மூடும் ஃபைபர் கனோப்பி பூட்டியிருக்கிறேன். மழை, வெயில் இரண்டும் படாது. கண்ணாடிகளைச் சாத்தி நாயை உள்ளே விட்டுக் கொழும்புக்குப் போகலாமா? பின் கண்ணாடியை மட்டும் சற்றுத் தூக்கி வைத்தால் காற்று வருமல்லவா?

பதில்: அந்தப் பின் கண்ணாடியே உங்கள் வாகனத்தில் மிக ஆபத்தான இடம். ஓடும் வாகனத்தின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால், பின் கண்ணாடி மட்டும் திறந்திருக்கும்போது சைலன்சரிலிருந்து வெளிவரும் புகை கனோப்பிக்குள் இழுக்கப்படுகிறது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெற்றோல் எஞ்சினை விட டீசல் எஞ்சினில் அந்த வாயு குறைவு என்றாலும், டீசல் புகை கண்ணையும் நுரையீரலையும் எரிப்பதால் நாய்க்கு அதுவும் ஆகாது. நாய் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பதாக நீங்கள் நினைத்திருக்கும் நேரத்தில் அது மயங்கிக் கிடக்கலாம். ஆகவே பின் கண்ணாடியை இறுகச் சாத்தி, பக்கக் கண்ணாடிகளை இருபுறமும் திறந்து, காற்று முன்பக்கத்திலிருந்து நுழைந்து பக்கவாட்டில் வெளியேற வழி செய்யுங்கள். கனோப்பியின் கூரையில் காற்று வாங்கி பொருத்த முடியுமானால் இன்னும் நல்லது. புறப்படுவதற்கு முன் சைலன்சரில் ஓட்டை, வெடிப்பு உண்டா என்று கராஜில் பார்க்கச் சொல்லுங்கள். பின்கதவின் இறப்பர் விளிம்பு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நாய் உள்ளே இருக்கும்போது எஞ்சினை இயக்கியபடி ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்காதீர்கள்.

வெப்பத்தையும் கவனியுங்கள். முன்னால் நீங்கள் குளிரூட்டியில் இருப்பதால் பின்னால் நாய் எந்தச் சூட்டில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. நிறுத்திவைத்த மூடிய வாகனத்தினுள் வெப்பநிலை பத்து நிமிடத்திலேயே ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் உயர்ந்துவிடும். அரை மணித்தியாலத்தில் வெளியே உள்ளதைவிட 20 பாகை வரை கூடிவிடும். கண்ணாடியை ஓர் அங்குலம் திறந்து வைப்பதால் அதில் பெரிய மாற்றம் ஏற்படாது. உணர்கம்பியைப் பின்னால் வைத்து அளவை முன்னால் பார்க்கும் சிறிய வெப்பமானிகள் மின்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். அது 30 பாகையைத் தாண்டத் தொடங்கினால் நிழலில் நிறுத்திப் பின்னால் போய் நாயைப் பாருங்கள்.

கேள்வி (பாலையூற்று வாசகி): எங்கள் ஏழு மாதக் குட்டி வாகனத்தில் ஏறிய கால் மணிக்குள் எச்சில் வடித்து வாந்தி எடுக்கிறது. மட்டக்களப்புக்குக் கொண்டுபோக வேண்டும். மனிதர்கள் பயணத்துக்குப் போடும் வாந்தி மாத்திரையில் பாதி கொடுக்கலாம் என்றும், தூக்க மருந்து கொடுத்தால் நிம்மதி என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். குட்டிகளின் உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு முழுமையாக வளர்ச்சியடையாததால் பயண வாந்தி அவற்றுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலான நாய்களுக்கு வளர வளர அது குறைந்துவிடும். வாந்தியைத் தடுப்பதற்கு மரோபிடன்ட் என்ற, மிருக வைத்தியத்தில் பாவிக்கும் மருந்து இருக்கிறது. மிருக வைத்தியரிடம் குட்டியைக் காட்டி, எடை பார்த்து அவர் தரும் அளவில் கொடுங்கள். தூக்க மருந்துகளைப் பற்றி நான் அழுத்தமாகவே சொல்கிறேன்: ஏசிப்ரோமசின் போன்ற மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் தன் வெப்பத்தைச் சீராக்கும் திறனையும், கால் ஊன்றி நிற்கும் சமநிலையையும் கெடுக்கின்றன. நம் வெயிலில், ஓடும் வாகனத்தில், அப்படி அரைமயக்கத்திலுள்ள நாய் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. நன்றாகப் பழக்கியும் அடங்காத பதற்றமுள்ள நாய்க்கு மட்டும், வைத்தியர் பார்த்து வேறு மருந்தைத் தீர்மானிப்பார். அதையும் பயணத்துக்கு முன்னரே ஒருநாள் வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்.

குட்டிக்கு வெளியே ஓடும் காட்சி தெரியாதபடி கூட்டின் பக்கங்களை மெல்லிய துணியால் மறைப்பதும், புறப்படுவதற்கு மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு முன் சிறிதளவு சோறும் மீனும் கொடுத்து நிறுத்துவதும் உதவும். பெரிய நாயைப்போலக் குட்டியை நெடுநேரம் பட்டினி போடக்கூடாது. தடுப்பூசிகள் முழுமையாகாத குட்டியாக இருந்தால் வழியில் மற்ற நாய்கள் திரியும் இடங்களில் தரையில் விடாதீர்கள். குட்டிகளைக் கொல்லும் வயிற்றோட்ட நோயைத் தரும் பார்வோ கிருமி மண்ணிலேயே நெடுங்காலம் உயிரோடிருக்கும்.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): சென்ற சித்திரையில் எங்கள் ஜேர்மன் ஷெப்பர்ட் நாயைக் குருநாகலுக்குப் பிக்கப்பில் கொண்டுபோனபோது, தம்புள்ளையைத் தாண்டியதும் அது கடுமையாக மூச்சிளைத்து விழுந்துவிட்டது. நனைத்த துவாயால் போர்த்திக்கொண்டு வைத்தியசாலை தேடி ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டது. நாங்கள் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றுவரை விடவில்லை.

பதில்: உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். நீங்கள் செய்தது அன்பினால் செய்தது. பெரும்பாலானவர்கள் அதையேதான் செய்திருப்பார்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக விளக்கமாகச் சொல்கிறேன்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அது 41 பாகையைத் தாண்டும்போது குடல், சிறுநீரகம், மூளை என்று உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதடையத் தொடங்குகின்றன. நாக்கு அகன்று ஓரங்கள் சுருண்டு நீள்வதும், ஈறு செங்கல் நிறமாகச் சிவப்பதும், எச்சில் பசைபோலத் தடிப்பதும், பின்னங்கால் தள்ளாடுவதும், கூப்பிட்டால் உங்களைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பதும் ஆபத்தின் அறிகுறிகள். அவற்றில் ஒன்றைக் கண்டாலும் வாகனத்தை அங்கேயே நிழலில் நிறுத்திவிடுங்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், அதற்குப் பிறகே வைத்தியரிடம் ஓட வேண்டும். உடலின் சூடு உச்சத்திலிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடிக்கொண்டே போவதால், ஓடும் நேரத்தில் இழப்பதை வைத்தியசாலையில் மீட்க முடியாமல் போகலாம்.

நனைத்த துவாயைப் போர்த்தியபடி விடுவது நல்லதுபோலத் தோன்றினாலும், சற்று நேரத்தில் அந்தத் துவாயே சூடாகி, உடலின் வெப்பம் வெளியேறாமல் மூடிவிடுகிறது. உடல் முழுவதும், குறிப்பாக வயிறு, தொடையிடுக்கு, அக்குள், நெஞ்சு ஆகிய இடங்களில், உரோமத்தின் அடிவரை நனையும்படி தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, ஒருவர் விடாமல் விசிறிக்கொண்டிருக்க வேண்டும். ஐஸ் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். சாதாரணக் கிணற்று நீர் போதும். வழியில் வாய்க்கால் இருந்தால் தலையை உயர்த்திப் பிடித்தபடி உடலை நீரில் அமர்த்தலாம். நினைவு தெளிவாக உள்ள நாய் தானாகக் குடித்தால் குடிக்கட்டும். மயங்கிய நாயின் வாயில் நீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். மூச்சு நிதானத்துக்கு வந்து, உடல் நடுங்கத் தொடங்கினால் ஊற்றுவதை நிறுத்தி, கண்ணாடிகளைத் திறந்தோ குளிரூட்டியைப் போட்டோ வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நாய் எழுந்து நடந்தாலும் காட்டாமல் விடக்கூடாது. சிறுநீரகப் பழுதும் இரத்தம் உறையாத நிலையும் சில மணி நேரம் கழித்து, சிலவேளை மறுநாளும் வெளிப்படும்.

இதற்காகவே, பங்குனி முதல் புரட்டாதி வரை நாயோடு தூரப்பயணம் போகும் எவரும் குடிநீருக்கு வேறாக, ஊற்றுவதற்கென்றே இருபது லீற்றர் கான் ஒன்றில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களும், கொழுத்த நாய்களும், முதிய நாய்களும் மற்றவற்றைவிட மிக விரைவில் இந்த நிலைக்கு வந்துவிடும். அவற்றுக்குப் பின்தட்டுப் பயணமே கூடாது.

கேள்வி (மூதூர் வாசகர்): எங்கள் நாய் எத்தனையோ காலமாகத் திறந்த பின்தட்டில் நின்றபடி வயலுக்கு வந்து போகிறது. ஒன்றும் நடந்ததில்லை. இப்போது மட்டக்களப்புக்கும் அப்படியே கொண்டுபோனால் என்ன?

பதில்: வயலுக்குப் போகும் சில கிலோமீற்றர் மண்வீதியில் நீங்கள் மெதுவாக ஓட்டுகிறீர்கள், அந்த வழியின் வளைவும் பள்ளமும் நாய்க்கும் மனப்பாடம். மட்டக்களப்பு வீதியில் அந்த இரண்டுமே கிடையாது. முன்பு அந்த வழியில் துறைக்குத் துறை பாதை எனப்படும் மிதவைக்காகக் காத்துக் கிடந்தபோது, நாமும் இறங்கினோம், நாயும் இறங்கிக் கால் நீட்டியது. பாலங்கள் வந்த பிறகு வெருகல் தாண்டியும் நிறுத்தாமல் ஓடிவிடுகிறோம். வேகம் கூடிய வீதியில், முன்னால் மாடு குறுக்கிட்டுப் பிரேக் பிடித்தால், நிற்கும் நாய் தன் எடையைப்போலப் பல மடங்கு விசையோடு முன்னே எறியப்படும். வயல் வழியிலும்கூட, மார்புப்பட்டி அணிவித்து, பின்தட்டின் நடுவில், நான்கு பக்கமும் விளிம்பை எட்ட முடியாத நீளத்தில் கட்டுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். விலங்கு ஒன்றைத் தேவையற்ற வேதனை தரும் விதத்தில் ஏற்றிச் செல்வது, 1907 ஆம் ஆண்டின் விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தின்கீழ் குற்றம் என்பதையும் அறிந்திருங்கள்.

கேள்வி (சீனக்குடா வாசகி): பயணத்தில் குரைத்துக்கொண்டே வருகிறது. வாயைத் துணியால் கட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. வாய் கட்டப்பட்ட நாயால் மூச்சிளைக்க முடியாது. மேலே சொன்னபடி, மூச்சிளைக்க முடியாத நாய்க்குச் சூட்டைத் தணிக்க வேறு வழி இல்லை. வாந்தி வந்தால் புரையேறவும் கூடும். கூட்டின் பக்கங்களை மறைத்து, உங்கள் மணமுள்ள பழைய சேலையொன்றை உள்ளே விரித்துப் பாருங்கள். பல நாய்கள் அதிலேயே அடங்கிவிடும்.

கேள்வி (உவர்மலை வாசகர்): பதின்மூன்று வயது நாய்க்கு வயிற்றில் கட்டி. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். சிங்கிள் கெப் பிக்கப் மட்டுமே இருக்கிறது. எப்படிக் கொண்டுபோவது?

பதில்: சிங்கிள் கெப் என்றாலும் இந்த நாயைப் பின்னால் ஏற்றாதீர்கள். சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, இருக்கையை முழுவதும் பின்னே தள்ளி, கால் வைக்கும் தளத்தில் தடித்த மெத்தையை விரித்து நாயைப் படுக்க வையுங்கள். அந்தத் தளத்துக்கு நாய் பெரிதானால், அன்று ஒரு நாளுக்கு வான் ஒன்றை வாடகைக்குப் பிடிப்பது நல்லது. கட்டியுள்ள நாயை முன்னங்கால் இடுக்கில் கைவிட்டுத் தூக்கக்கூடாது. படுக்கை விரிப்பை அடியில் செருகி, இருவர் இரு முனைகளையும் பிடித்துத் தூக்குங்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை வீதி நேர். மாத்தளையிலிருந்து வளைவுகள் தொடங்குவதால் அங்கிருந்து வேகத்தை நன்றாகக் குறையுங்கள். முதிய நாயால் நெடுநேரம் சிறுநீரை அடக்க முடியாது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி, பின்னங்காலுக்கு ஒரு துவாயைத் தாங்கலாகப் பிடித்து நடக்க விடுங்கள். சத்திரசிகிச்சைக்கு வாய்ப்பிருப்பதால், உணவை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வைத்தியசாலையோடு முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும், கொடுத்துவரும் மருந்துகளின் உறைகளையும் கையோடு கொண்டுபோங்கள். சத்திரசிகிச்சை நடந்தால், மயக்கம் முற்றாகத் தெளிந்து, நாய் தானாக எழுந்து நின்று, வைத்தியரும் சம்மதம் தந்த பின்னரே திரும்பும் பயணத்தைத் தொடங்குங்கள். அதற்கு ஓர் இரவு கண்டியில் தங்க நேரும் என்று இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.